லித்தியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? எக்ஸ்ரே போதுமா, நியூட்ரான் வேண்டுமா?

மின்கலம் மீனா (செவ்வாய், இரவு 9:12)

எல்லாருக்கும் வணக்கம். பேட்டரி கேத்தோடு பொருள்களில் பிஎச்டி செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. என் பொருள் 622 வகை என்எம்சி. லித்தியம் ஆக்சைடோடு நிக்கல் ஆறு பங்கு, மாங்கனீசு இரண்டு, கோபால்ட் இரண்டு. ஆக்சிஜன் அடுக்குகளுக்கு நடுவே ஒரு தளத்தில் லித்தியம், அடுத்த தளத்தில் மற்ற மூன்று உலோகங்கள் என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். உலையில் வேகும்போது கொஞ்சம் நிக்கல் லித்தியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு அயனிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் இடம் மாறுவது சுலபம். அப்படி உட்கார்ந்த நிக்கல், லித்தியம் போய்வருகிற வழியை மறித்துவிடும்.

எங்கள் துறையில் இருக்கிற எக்ஸ்ஆர்டியில் (படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரேயை வைத்து அணுக்களின் இடத்தைக் கண்டறியும் கருவி) எடுத்து, 003, 104 என்ற இரண்டு படிகத் தளங்களின் பீக்குகளின் விகிதம் 1.2க்கு மேல் இருக்கிறது, ஆகவே இடமாற்றம் குறைவு என்று எழுதியிருந்தேன். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது ரெவ்யூவர் கேட்டிருப்பது இதுதான்: "அந்த விகிதம் ஆதாரம் ஆகாது. உலையில் எவ்வளவு லித்தியம் ஆவியாகிப் போனது, மிச்சம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நியூட்ரான் விளிம்புவிளைவு (டிஃப்ராக்ஷன்) எடுத்துக் காட்டுங்கள்."

மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையில் பீம் டைம் (நியூட்ரான் கருவியில் நேரம்) கேட்டு விண்ணப்பம் எழுது என்கிறார் கைடு. எனக்கு நியூட்ரான் பற்றி பாடப்புத்தகத்தில் படித்த இரண்டு பக்கம்தான் தெரியும். எக்ஸ்ரேயால் முடியாத எதை அது செய்கிறது? அடிப்படையிலிருந்து யாராவது சொல்ல முடியுமா?

உப்புக்காற்று (செவ்வாய், இரவு 10:05)

மீனா, ரெவ்யூவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த 003, 104 விகிதத்தை நம்பி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பவுடரைத் தட்டையாக அழுத்தி வைக்கும்போது தகடு போன்ற துகள்கள் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டாலே 003 பீக் ஏறிவிடும். அது இடமாற்றத்தைச் சொல்கிறதா, நீங்கள் அழுத்திய அழுத்தைச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது.

இனி அடிப்படை. எக்ஸ்ரே எலெக்ட்ரான்களைப் பார்க்கிறது. எலெக்ட்ரான் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமாகச் சிதறும். லித்தியத்துக்கு 3, ஆக்சிஜனுக்கு 8, மாங்கனீசுக்கு 25, கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28. ஆகவே உங்கள் படத்தில் லித்தியம் ஏறக்குறைய இல்லாத மாதிரி. மாங்கனீசு, கோபால்ட், நிக்கல் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. எலெக்ட்ரான் மேகத்தைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் அணுக்கருவில் மோதித் திரும்புகிறது. அந்த மோதலின் பலத்துக்கும் அணு எண்ணுக்கும் நேரான தொடர்பே கிடையாது. ஒவ்வொரு கருவும் தனக்கென்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அதைச் சிதறல் நீளம் என்கிறோம், ஃபெம்டோமீட்டரில் சொல்வோம். நிக்கலுக்கு 10.3. கோபால்ட்டுக்கு 2.49. மாங்கனீசுக்கு மைனஸ் 3.73. லித்தியத்துக்கு மைனஸ் 1.90. அந்த மைனஸைக் கவனியுங்கள். அந்தக் கருக்களில் பட்டு வரும் அலை எதிர்க் கட்டத்தில், அதாவது மேடும் பள்ளமும் இடம் மாறி, வருகிறது. எக்ஸ்ரேக்கு ஒரே மாதிரித் தெரிந்த மூன்று உலோகங்களில் ஒன்று பெரிய பிளஸ், ஒன்று சின்ன பிளஸ், ஒன்று மைனஸ். உங்கள் பொருளுக்கென்றே யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த எண்கள் மாதிரி இருக்கும்.

சமன்பாடு (செவ்வாய், இரவு 11:31)

இந்த விளக்கம் எல்லா வகுப்பிலும் சொல்வதுதான். ஆனால் மீனாவின் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. லித்தியம் தெரியாது என்பதால் எக்ஸ்ரேயால் இடமாற்றத்தை அளக்க முடியாது என்பது தவறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லித்தியம் இடத்தில் ஐந்து சதம் நிக்கல் புகுந்தது என்று வையுங்கள். எக்ஸ்ரேக்கு அந்த இடத்தின் சராசரி 3 எலெக்ட்ரானிலிருந்து 4.25 ஆகிறது. நாற்பது சதத்துக்கு மேல் மாற்றம்! நியூட்ரானுக்கு மைனஸ் 1.90 என்பது மைனஸ் 1.29 ஆகிறது. முப்பத்திரண்டு சதம். அப்படியானால் எக்ஸ்ரே ஒன்றும் மோசமில்லையே? எலெக்ட்ரான்களை முடுக்கிப் பலமான எக்ஸ்ரே எடுக்கும் சின்க்ரோட்ரானில் நல்ல பீம், சன்னமான கண்ணாடிக் குழாயில் சாம்பிள், சுழற்றிக்கொண்டே எடுத்தால் தகடுத் துகள் பிரச்சினையும் போய்விடும். பத்து நிமிட வேலை. இதற்காக டிராம்பேயில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

நான் நியூட்ரானுக்கு எதிரி இல்லை. எதற்குத் தேவை என்று சொல்லத் தெரியாமல் விண்ணப்பம் எழுதினால் அது நிற்காது. அதனால்தான் கேட்கிறேன்.

உப்புக்காற்று (புதன், காலை 7:20)

சமன்பாடு போட்ட கணக்கு சரி. நான் சொன்னதில் ஓட்டை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கணக்கையே இன்னும் ஒரு படி கொண்டுபோகிறேன்.

எக்ஸ்ரே 4.25 எலெக்ட்ரான் என்கிறது. அது 95 சதம் லித்தியம், 5 சதம் நிக்கலாக இருக்கலாம். 86 சதம் லித்தியம், 6 சதம் நிக்கல், மீதி 8 சதம் வெற்றிடமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் கூட்டினால் ஏறக்குறைய 4.25தான் வரும். உலையில் லித்தியம் ஆவியாகும் பொருளில் வெற்றிடம் இல்லை என்று நாமாக முடிவு கட்ட முடியாது. ரெவ்யூவர் கேட்டதே அதுதான்.

இப்போது அதே இரண்டு சாத்தியங்களை நியூட்ரானுக்குப் போடுங்கள். முதலாவதற்கு மைனஸ் 1.29. இரண்டாவதற்கு மைனஸ் 1.02. தனித்தனியாக நிற்கின்றன. தெரியாத எண்கள் இரண்டு, எக்ஸ்ரே கொடுப்பது ஒரு சமன்பாடு. நியூட்ரான் கொடுப்பது இரண்டாவது சமன்பாடு. இரண்டு தரவையும் ஒன்றாக வைத்து ஒரே மாடலுக்குப் பொருத்தினால் விடை ஒன்றுதான் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. எலெக்ட்ரான் மேகம் எக்ஸ்ரேயின் அலைநீளத்துக்கு ஈடான அளவு பெரியது. அதனால் கோணம் கூடக் கூட சிதறல் தானாகவே மங்கும். அணு வெப்பத்தில் அதிர்வதாலும் கோணம் கூடும்போது மங்கும். இரண்டு மங்கலும் கலந்து நிற்பதால், இடத்தில் அணு குறைவாக இருக்கிறதா அல்லது இருக்கிற அணு அதிகமாக அதிர்கிறதா என்று ரீட்வெல்ட் பொருத்தலில் (அணு மாடலை முழு படத்தோடும் பொருத்திப் பார்க்கும் கணக்கு) குழப்பம் வரும். அணுக்கரு நியூட்ரான் அலைநீளத்தைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கோ அதற்கு மேலோ சிறியது. ஆகவே கரு பக்கத்திலிருந்து மங்கலே இல்லை, அதிர்வால் வருவது மட்டும்தான். பெரிய கோணம் வரை பீக்குகள் தெளிவாக நிற்கும்.

மீனா, விண்ணப்பத்தில் இந்த இரண்டு சமன்பாட்டுக் கணக்கையே எழுதுங்கள். "நியூட்ரானுக்கு லித்தியம் தெரியும்" என்று எல்லாரும் எழுதுவார்கள்.

சமன்பாடு (புதன், காலை 8:02)

இது நல்ல பதில். 4.25க்கு இரண்டு விடை உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை.

பழைய ரியாக்டர் (புதன், மதியம் 2:40)

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் டிராம்பேயில் சைரஸ் என்ற பழைய உலையின் காலத்திலிருந்து நியூட்ரான் கருவிகளோடு இருந்தவன். ஓய்வு பெற்று வெகு நாளாயிற்று.

மீனா தினமும் பயன்படுத்துகிற ரீட்வெல்ட் முறை இருக்கிறதே, அது பிறந்ததே நியூட்ரானுக்காகத்தான். ஹியூகோ ரீட்வெல்ட் நெதர்லாந்தில் பெட்டன் என்ற ஊரில் உலைப் பக்கம் உட்கார்ந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் பவுடர் பீக்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கப் பார்ப்பதைவிட முழுக் கோட்டையும் ஒரே மூச்சில் பொருத்தலாம் என்று செய்து காட்டினார். 1969இல் கட்டுரை வந்தது. எக்ஸ்ரேக்காரர்கள் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் போவோம். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். ஆனால் சோதனைக்குப் போதுமான அளவு நியூட்ரான் கிடைக்க உலைகள் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் போர்க்காலத்தில் கட்டிய கிராஃபைட் உலையில் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபோர்ட் ஷல்லும் 1940களின் பிற்பாதியில் வேலையைத் தொடங்கினார்கள். 1949இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடைக் குளிர்வித்து எடுத்த படத்தில், எக்ஸ்ரேயில் இல்லாத புதுப் பீக்குகள் முளைத்தன. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லையே தவிர, அது ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துப் பக்கத்து மாங்கனீசுகளின் காந்த முனைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று எதிரெதிராக நிற்பதை அது பார்த்துவிட்டது. லூயி நேல் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே தாளில் போட்டு வைத்திருந்தார். கண்ணுக்கு முன்னால் காட்டியது அந்தப் பீக்குகள்தான்.

ஷல்லுக்கு 1994இல் நோபல் கிடைத்தபோது வயது 79. வோலன் பத்து ஆண்டுக்கு முன்பே இறந்துவிட்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கஷ்டப்படும்.

அந்தப் பரிசில் பாதி கனடாவில் சாக் ரிவரில் இருந்த பெர்ட்ரம் பிராக்ஹவுஸுக்கு. அவர் செய்தது வேறு வேலை. நீங்கள் எல்லாரும் அணு எங்கே இருக்கிறது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அணு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டவர் அவர். அதைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல விடுங்கள்.

ஒரு ஆங்ஸ்ட்ராம் எக்ஸ்ரேயின் ஆற்றல் 12,400 எலெக்ட்ரான் வோல்ட். திண்மத்தில் அணுக்கள் கூட்டாக அதிர்கிற அதிர்வின் ஆற்றலோ ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு, அந்த மாதிரி. எக்ஸ்ரே ஒரு அதிர்வைக் கிளப்பிவிட்டு வந்தால் அதன் ஆற்றலில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குதான் குறையும். பத்து டன் லாரியை எடைமேடையில் ஏற்றி, டிரைவர் பையில் இருக்கும் இருபது கிராம் சில்லறையைக் கண்டுபிடிக்கச் சொல்வது மாதிரி. உலையில் வேகத்தைக் குறைக்கும் மிதமாக்கியோடு மோதி மோதி அறை வெப்பத்துக்கு வந்த நியூட்ரானின் ஆற்றலே அந்த நாற்பதில் ஒரு பங்குதான். அதன் அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம், வேகம் நொடிக்கு 2.2 கிலோமீட்டர். அணுக்களுக்கு நடுவே இருக்கும் தூரத்துக்கும் அலைநீளம் பொருந்துகிறது, அதிர்வுக்கும் ஆற்றல் பொருந்துகிறது. இரண்டும் ஒரே துகளில் அமைந்தது இயற்கை கொடுத்த கொடை. அதிர்வைக் கிளப்பிய நியூட்ரான் பாதி ஆற்றலை இழந்து வரும், சில சமயம் பொருளிடமிருந்து வாங்கிக்கொண்டு இரட்டிப்பாகவும் வரும். அளப்பதற்கு என்ன கஷ்டம்?

பிராக்ஹவுஸ் செய்த கருவிக்கு மூன்று அச்சுகள். முதல் அச்சில் ஒரு படிகம், உலையிலிருந்து வரும் கலவையில் ஒரே அலைநீளத்தைப் பொறுக்கும். நடு அச்சில் சாம்பிள். மூன்றாவது அச்சில் இன்னொரு படிகம், சிதறி வந்ததின் அலைநீளம் என்னவாயிற்று என்று பார்க்கும். மூன்றையும் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு ஆற்றலிலும் எண்ண வேண்டும்.

அந்தக் கருவியில் ஜெர்மானியத்தின் அதிர்வுகளை அளந்து 1958இல் பிராக்ஹவுஸோடு சேர்ந்து எழுதியவர் பி.கே. அய்யங்கார், திருநெல்வேலியில் பிறந்தவர். டிராம்பே திரும்பி வந்து அப்சரா, சைரஸ் உலைகளில் இங்கேயே கருவிகளைக் கட்ட ஒரு கூட்டத்தை உண்டாக்கினார். பிறகு அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆனார். வெளியே வாங்க முடியாத காலம் அது. எங்கள் பட்டறையில் கடைந்த தாங்கிகளின் மேல், நியூட்ரானை விழுங்கும் காட்மியம் தகடும் போரான் மெழுகும் சுற்றி, நாங்களே கட்டினோம். காட்மியம் தகட்டை கத்தரியால் வெட்டி பீம் வழியில் ஒட்டியதும், சடசடவென்று ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை அப்படியே அடங்கும். அந்தச் சத்தம் நிற்பதை முதல் முறை கேட்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தறிநூல் (புதன், மாலை 6:15)

நான் இன்ஜினியரிங் மாணவன், சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். நியூட்ரான் பட்டால் பொருளே கதிரியக்கம் ஆகிவிடும் என்று படித்திருக்கிறேன். மீனா அக்கா அந்தப் பவுடரைத் திரும்பக் கையில் தொடலாமா?

உப்புக்காற்று (புதன், மாலை 7:03)

தம்பி, நல்ல கேள்வி. ஆகும், ஆனால் கொஞ்சம்தான். உலைக்கு உள்ளே வைப்பதில்லை. சுவரைத் தாண்டி வெளியே வருகிற, ஒரே அலைநீளத்துக்கு வடிகட்டிய மெல்லிய பீமில் வைக்கிறோம். மாங்கனீசு 56 ஆகும், அதன் அரை ஆயுள் 2.6 மணி நேரம், மறுநாள் போய்விடும். கவனிக்க வேண்டியது கோபால்ட். கோபால்ட் 60 ஆனால் 5.3 ஆண்டு. எடுத்து முடித்ததும் கதிர் பாதுகாப்பு அலுவலர் மீட்டர் வைத்துப் பார்த்து, அனுமதி கொடுத்தால்தான் வெளியே வரும். அதுவரை அங்கேயே ஈயப் பெட்டியில் இருக்கும். மீனா, அதே தொகுதியிலிருந்து ஒரு பகுதியைத் தனியாக எடுத்து ஊரில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வருமென்று நம்பி முழுவதையும் கொண்டுபோக வேண்டாம்.

ரைபோ (வியாழன், காலை 6:50)

பேட்டரியிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். நான் உயிரியல் பக்கம். எங்கள் துறையில் நியூட்ரான் செய்த மிக அழகான வேலை என்று நான் நினைப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஹைட்ரஜனுக்குச் சிதறல் நீளம் மைனஸ் 3.74. அதன் ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கு பிளஸ் 6.67. வேதியியலாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான், பாக்டீரியா கனநீரிலும் வளர்ந்துவிடும். ஆனால் நியூட்ரானுக்கு அவை கறுப்பும் வெள்ளையும் மாதிரி. சாதாரண நீரையும் கனநீரையும் சரியான விகிதத்தில் கலந்தால் ஒரு புரதத்தை நியூட்ரானின் பார்வையிலிருந்தே மறைத்துவிடலாம். நீரில் நாற்பது சதத்துக்குச் சற்று மேல் கனநீர் இருந்தால் புரதம் மறையும், ஆர்என்ஏ தெரியும். எழுபது சதத்தை ஒட்டிப் போனால் ஆர்என்ஏ மறையும், புரதம் தெரியும்.

இதை வைத்து யேலில் பீட்டர் மூர், டான் எங்கல்மன் குழு, செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பாதியை எடுத்துக்கொண்டது. அதில் 21 புரதங்கள். படிகமாக்கி முழு அமைப்பைப் பார்ப்பது அன்று எட்டாத தூரம். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ரைபோசோமைக் கழற்றி, இரண்டே இரண்டு புரதங்களை மட்டும் டியூட்டீரியம் ஏற்றியதாகப் போட்டு, மற்றதெல்லாம் சாதாரணமாக வைத்துத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த இரண்டு புரதங்களுக்கு நடுவே வரும் குறுக்கீட்டிலிருந்து இடைத்தூரம் கிடைக்கும். மூடுபனியில் இரண்டு விளக்கை மட்டும் ஏற்றி நடுவே உள்ள தூரத்தை அளப்பது மாதிரி. அடுத்து வேறு இரண்டு. அப்புறம் வேறு இரண்டு. இப்படிச் சோடி சோடியாக அளந்து, நில அளவைக்காரர் முக்கோணம் போடுவது போல் 21 புரதங்களின் இடத்தையும் குறித்தார்கள். முழு வரைபடம் 1987இல் வந்தது. தொடங்கியது 70களில்.

அந்தக் குழுவில் போஸ்ட்டாக்காக இருந்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இயற்பியலில் பிஎச்டி முடித்து, உயிரியலை முதலிலிருந்து படித்து, மூரிடம் போய்ச் சேர்ந்தவர். நியூட்ரான் சோதனைகள் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் உலையில் நடந்தன. பிறகு அவரே அங்கே வேலைக்குச் சேர்ந்து 1995 வரை இருந்தார். 2000இல் அவருடைய குழுவே எக்ஸ்ரேயால் அந்தச் சிறிய பாதியின் அணு அமைப்பைத் தீர்த்தது. 2009இல் நோபல். எல்லாரும் பேசுவது அந்த எக்ஸ்ரே வேலையைத்தான். சோடி சோடியாக அளந்த அந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

மின்கலம் மீனா (வியாழன், காலை 9:30)

ரைபோ அக்கா, இதை இரண்டு தடவை படித்தேன். ஐயா எழுதியதையும் எங்கள் ஆய்வகத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

ஒரு கேள்வி. கல்பாக்கம் எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம். அங்கே உலை இருக்கிறதே, அங்கே எடுக்க முடியாதா?

கடலோரம் (வியாழன், காலை 11:18)

கல்பாக்கத்தில் இருப்பது காமினி. யுரேனியம் 233 எரிபொருளில் ஓடும் சின்ன உலை, 1996இலிருந்து. 30 கிலோவாட்தான். துருவா 100 மெகாவாட், மூவாயிரம் மடங்குக்கு மேல். பவுடர் விளிம்புவிளைவுக்கு காமினியின் பீம் போதாது.

ஆனால் அது செய்கிற வேலை உங்கள் விஷயத்துக்கு உறவுதான். நியூட்ரான் நிழற்படம். ராக்கெட்டில் பாகங்களைப் பிரித்துவிடப் பயன்படும் சின்னச் சின்ன வெடிக்கருவிகள் உண்டு. வெளியே உலோகக் கூடு, உள்ளே வெடிமருந்து. எக்ஸ்ரே எடுத்தால் கூடுதான் பளிச்சென்று தெரியும். மருந்தில் ஹைட்ரஜன் இருப்பதால் நியூட்ரானில் கூடு கண்ணாடி மாதிரி ஆகி, மருந்து கறுப்பாகத் தெரியும். இடையில் விரிசல் இருக்கிறதா, காலி இடம் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம்.

சமன்பாடு (வியாழன், மதியம் 1:44)

எனக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐயா சொன்ன லாரி உவமை அந்தக் காலத்துக்குச் சரி. இன்று பிரான்ஸின் கிரெனோபிளிலும் ஜப்பானிலும் உள்ள சின்க்ரோட்ரான்களில் அந்தச் சில்லறையையும் எடைபோடுகிறார்கள். மில்லி எலெக்ட்ரான் வோல்ட் துல்லியத்தில் எக்ஸ்ரேயால் அதிர்வை அளக்கிறார்கள், அதுவும் மணல் அளவு படிகத்தில். நியூட்ரானுக்கு கிராம் கணக்கில் வேண்டும். ஏனென்றால் நியூட்ரான் எப்போதுமே பஞ்சம். மறுபக்கம் உலைகள் மூடப்படுகின்றன. பிரான்ஸின் ஓர்ஃபே, பெர்லினின் பெர் 2 இரண்டும் 2019இல் நின்றுவிட்டன. நம்முடைய சைரஸும் 2010 கடைசியோடு நின்றது. இளைய ஆராய்ச்சியாளர்கள் இதில் காலத்தைப் போடலாமா என்பது உண்மையான கேள்வி.

உப்புக்காற்று (வியாழன், இரவு 9:55)

பஞ்சம் என்பது உண்மை. கிரெனோபிளில் உள்ள லாவே லான்ஜ்வான் நிறுவனத்தின் உலைதான் உலகத்தின் மிகச் செறிவான மூலங்களில் ஒன்று, 1971இலிருந்து. அதன் நியூட்ரான் பாய்வு துருவாவைப்போல் எட்டு மடங்கு. அதுவே எந்த எக்ஸ்ரே மூலத்தின் பக்கத்திலும் நிற்காது.

ஆனால் மூடுகிற கதை மட்டும் இல்லையே. உலை இல்லாமலே நியூட்ரான் எடுக்கும் வழி வளர்ந்துகொண்டிருக்கிறது. புரோட்டானை முடுக்கி கனமான உலோகத்தில் அறைந்தால், ஒரு புரோட்டானுக்கு இருபது, முப்பது நியூட்ரான் தெறிக்கும். இங்கிலாந்தின் ஐசிஸ் 1984இலிருந்து டங்ஸ்டன், டாண்டலம் போன்ற இலக்குகளை வைத்து அப்படித்தான் ஓடுகிறது. அமெரிக்காவின் எஸ்என்எஸ், ஜப்பானின் ஜேபார்க் இரண்டிலும் இலக்கு திரவப் பாதரசம். சீனா டோங்குவானில் 2018இல் திறந்தது. சுவீடனில் லுண்டில் பெரியதாக ஒன்று கட்டுகிறார்கள், அங்கே டங்ஸ்டன் சக்கரம் சுழன்றுகொண்டே அடி வாங்கும். இவற்றில் நியூட்ரான் துடிப்புத் துடிப்பாக வருகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், வேகமானது முதலில் வந்து சேரும். ஒரே ஸ்டாண்டிலிருந்து ஒரே நேரத்தில் விட்ட பஸ்களை, வந்து சேரும் நேரத்தை வைத்தே எது எக்ஸ்பிரஸ், எது டவுன் பஸ் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே மாதிரி, வந்த நேரத்தை வைத்தே அலைநீளத்தைச் சொல்லிவிடலாம். ஒன்றைப் பொறுக்கி மற்றதை வீணாக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரே அதிர்வை அளக்கிறது, சரி. ஹைட்ரஜன் நகர்வதை அளக்குமா? களிமண் அடுக்குக்குள் நீர் எப்படித் தாவுகிறது, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் துளைக்குள் மீத்தேன் எவ்வளவு நேரம் ஓரிடத்தில் தங்கி அடுத்த இடத்துக்குப் போகிறது என்பதெல்லாம் பீக்கின் அடிப்பாகம் எவ்வளவு அகலமாகிறது என்பதில் இருக்கிறது. மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட் வரை அந்த அகலத்தை அளக்கிறார்கள். அங்கே ஹைட்ரஜனின் சிதறல் மற்ற எல்லாத் தனிமத்தையும் அமுக்கிவிடும் அளவு பலமானது. எலெக்ட்ரான் ஒன்றே ஒன்றை வைத்திருக்கும் அணுவை எக்ஸ்ரே என்ன செய்யும்?

சமன்பாடு (வியாழன், இரவு 10:20)

ஹைட்ரஜன் விஷயத்தில் என்னிடம் மறுபேச்சு இல்லை.

உப்புக்காற்று (வெள்ளி, காலை 7:45)

மீனா, இப்போது கைவேலை. மேலே பெருமையாகச் சொன்ன அதே ஹைட்ரஜன்தான் உங்களுக்கு எமன்.

என் முதல் பயணம் ஜூலை மாதம், மும்பையில் விடாத மழை. நிக்கல் அதிகமுள்ள பவுடர். உலர்த்தி எடுத்துப் போயிருந்தேன். நிரப்பும் முன் எடை பார்ப்பதற்காக புட்டியைத் திறந்தவன், பேச்சு மும்முரத்தில் அரை நாள் திறந்தபடியே விட்டுவிட்டேன். இந்தப் பொருள்கள் ஈரக்காற்றில் மேற்பரப்பில் லித்தியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் கட்டிக்கொள்ளும். இரவு முழுக்க எண்ணி, காலையில் திரையைப் பார்த்தால் பீக்குகள் குட்டிக் குட்டியாக, அடியில் ஒரு மேடு மாதிரி பேக்கிரவுண்ட். ஈரத்தில் இருந்த ஹைட்ரஜன் எல்லாத் திசையிலும் ஒரே சீராகச் சிதறியதுதான் அந்த மேடு. சின்ன பீக்குகள் அதில் முழுகிவிட்டன. லித்தியம் அளவை முடிவு செய்வதே அந்தச் சின்ன பீக்குகள்தான். எனக்குக் கொடுத்திருந்த நேரம் அத்தோடு முடிந்தது. அடுத்த வாய்ப்புக்கு எட்டு மாதம்.

ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள் இரவு முழுக்க 120 டிகிரியில் வெற்றிட அடுப்பில் வையுங்கள். காற்றும் ஈரமும் புகாத குளோவ் பாக்ஸுக்குள்ளேயே மூடி, இரண்டு உறை போட்டுக் கொண்டுபோங்கள். எட்டு, பத்து கிராம் வைத்துக்கொண்டால் நிம்மதி.

சாம்பிள் போடும் டப்பா வனேடியத்தில் இருக்கும், சுண்டுவிரல் பருமன், சுவர் காகிதம் மாதிரி. ஏன் வனேடியம் என்றால், அதன் சிதறல் நீளம் மைனஸ் 0.38தான், பூஜ்ஜியத்துக்குப் பக்கம். தனக்கென்று பீக் ஏறக்குறைய கிடையாது. அலுமினியம் போட்டால் அதன் பீக்குகள் உங்கள் பீக்குகளோடு கலந்துவிடும். டம்ளரில் ரவையைத் தட்டித் தட்டி நிரப்புவோமே, அப்படி நிரப்புங்கள். அழுத்தக் கூடாது, தகடுத் துகள்கள் படுத்துக்கொள்ளும்.

கடைசியாக, லித்தியம் 6 நியூட்ரானை விழுங்கும். இயற்கை லித்தியத்தில் ஏழெட்டு சதம் அதுதான். உங்கள் பொருளில் நாலு அணுவுக்கு ஒன்றுதான் லித்தியம், டப்பாவும் ஒல்லி. அதனால் உறிஞ்சல் திருத்தம் போட்டால் சமாளிக்கலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை மறந்து பொருத்தினால் அணு எவ்வளவு அதிர்கிறது என்று சொல்லும் எண்கள் மைனஸில் போகும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள், திருத்தத்தைப் போடுங்கள். லித்தியம் 7 கார்பனேட் வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பல்கலைக்கழக ஆட்களுக்கு யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் மும்பை மையம் வழியாக துருவாவில் இடம் கிடைக்கும். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

பழைய ரியாக்டர் (வெள்ளி, காலை 10:10)

அனுமதிச் சீட்டுக்கான தாள்களை முன்கூட்டியே அனுப்பிவிடு அம்மா. அது இல்லாமல் வடக்கு வாசலில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரவு ஷிப்டில் யாராவது பெரியவர் கருவியின் பக்கத்தில் இருந்தால் கூச்சப்படாமல் கேள். சொல்லிக் கொடுப்பார்கள்.

மின்கலம் மீனா (ஏழு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5:05)

இந்த இழைக்குத் திரும்பி வந்து எழுதுவேன் என்று அப்போதே நினைத்திருந்தேன்.

எடுத்தாயிற்று. உப்புக்காற்று அண்ணா சொன்னபடி உலர்த்தி, குளோவ் பாக்ஸிலேயே மூடி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போனேன். நிரப்பிய பத்து நிமிடம் தவிர புட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் முழுக்க எண்ணினார்கள். மேடு இல்லை, அடிக்கோடு கிட்டத்தட்ட தட்டை. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஃபுல்புரோஃப் மென்பொருளில் எக்ஸ்ரேயையும் நியூட்ரானையும் சேர்த்துப் பொருத்தினேன். முதல் நாள் அதிர்வு எண் மைனஸில் போனது. உறிஞ்சல் திருத்தம் போட்டதும் சரியானது. எக்ஸ்ரே மட்டும் வைத்திருந்தபோது நிக்கல் ஐந்து சதம் என்று வந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது மூன்றரை. லித்தியம் குறைவு பிழை எல்லைக்குள்ளேயே இருக்கிறது, அதாவது உலையில் கூடுதலாகப் போட்ட லித்தியம் ஈடுகொடுத்துவிட்டது. எக்ஸ்ரே ஏன் கூட்டிச் சொன்னது என்று தேடினால், லித்தியத்தின் அதிர்வை நான் அதிகமாக நிலைநிறுத்தி வைத்திருந்தேன். அதனால் கணக்கில் குறைந்த சிதறலை மென்பொருள் நிக்கலாக மாற்றிக் காட்டியிருக்கிறது.

சமன்பாடு அண்ணா, உங்கள் 4.25 கணக்கையும் அதற்கு வந்த பதிலையும் விண்ணப்பத்தில் அப்படியே விரித்து எழுதினேன். ரெவ்யூவருக்குப் பதிலிலும் அதே கணக்குதான். கட்டுரை போன வாரம் திரும்ப அனுப்பிவிட்டோம்.

பவுடர் இன்னும் டிராம்பேயில்தான் இருக்கிறது. கோபால்ட் காரணமாக மீட்டர் இன்னும் இறங்கவில்லை, இறங்கியதும் அனுப்புகிறோம் என்றார்கள். பாதியை ஊரில் வைத்துவிட்டுப் போனது நல்லதாயிற்று. அடுத்து அதே தொகுதியில் பாதி சார்ஜ் செய்த நிலையில் எடுக்கலாமா என்று கைடு கேட்கிறார். எலெக்ட்ரோலைட்டில் இருக்கும் ஹைட்ரஜனை எப்படிக் கழுவி எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

உப்புக்காற்று (ஞாயிறு, மாலை 5:40)

டைமெத்தில் கார்பனேட்டில் மூன்று முறை கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். சூடு அதிகம் வேண்டாம், சார்ஜ் ஆன பொருள் ஆக்சிஜனை விட்டுவிடும். பவுடரை ஒட்டவைக்கும் பைண்டரிலும் ஹைட்ரஜன் இருக்கும், அதைத் தனியாகப் பேசணும். மூன்றரை சதத்துக்கு வாழ்த்துகள், மீனா.